பூஞ்சணம் காத்த சோறு

அந்தக் காலத்தில் சோறு கெடாது. எத்தனை நாள் ஆனாலும் வடித்த மாதிரியே இருக்கும். காக்கை, எறும்பு எல்லாம் மனிதரோடு பேசும். சுவர் இடுக்கில் குடியிருந்த பூஞ்சணமும் பேசும். அப்போது அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. சொன்னதை மட்டும் செய்கிற அப்பாவி. அப்பாவிகளால் வரும் கேடு தனி ரகம்.

ஆற்றங்கரையில் சிலம்பாயி என்றொருத்தி, புருஷனை இழந்தவள், இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். மகன் வீரணன் அக்கரைக்கு ஆடு மேய்க்கப் போன அன்று மழை பிடித்தது, ஆறு கரைபுரண்டது. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே போனவர் பேரைச் சொல்லிச் சோற்றை மூடி வைத்தால் அவரேதான் வந்து திறக்க வேண்டும். வேறு வாய் பட்டால் போனவர் திரும்பமாட்டார். சிலம்பாயி மகன் பங்கைச் சட்டியில் போட்டு மூடினாள்.

மழை விடவில்லை. குதிரில் ஒரு மணி நெல் கூட மிஞ்சவில்லை. வீட்டில் இருந்தது அந்தச் சட்டிச் சோறுதான்.

காக்கை வந்து சொன்னது: "உம் மகன் துண்டு முள்ளுல சிக்கிக் கிடக்கு தாயி. இருக்கிற பிள்ளைக்காவது சோத்தப் போடு."

"துண்டுதான கிடக்கு?" என்று சிலம்பாயி அதை விரட்டினாள்.

மகள் செவ்வந்தி சட்டியருகே வந்து உட்கார்ந்தாள். "அண்ணன் பங்குல ஒரு வாய் தாம்மா. அண்ணன் வைஞ்சா நான் சொல்லிக்கிறேன்."

"அவன் போயிட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்டி."

பெற்ற மனம் பித்து என்பார்கள். இரண்டு பிள்ளை பெற்ற மனம் எந்தப் பக்கம் பித்தாகும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. சிலம்பாயி பூஞ்சணத்தைக் கூப்பிட்டாள். "நான் ஆத்தப் பாத்துட்டு வாரேன். இந்தச் சோத்த யாரும் தொடக்கூடாது, காத்துக்க."

"யாரும்னா?"

"யாரும்தான்."

கரையில் நின்று நின்று, ஒன்றும் காணாமல் அவள் திரும்பி வந்தபோது மகள் சுவரோரம் சுருண்டு கிடந்தாள். உடம்பு கொதித்தது. அப்போதுதான் தாய்க்கு உறைத்தது. "வீரணா, மன்னிச்சிருய்யா" என்று சட்டியைத் திறந்தாள். உள்ளே சோறு இல்லை, கறுப்பாக ஏதோ இருந்தது.

"என்ன செஞ்ச?"

"காத்தேன் தாயி. வெள்ளையாப் போத்துனேன், உம் மக வழிச்சுட்டுக் கை வச்சா. பச்சையாகி வாடை கிளப்புனேன், மூக்கப் பொத்திக்கிட்டு வந்தா. கறுத்தேன். அப்புறம் அவ தொடல."

சிலம்பாயி சட்டியை முற்றத்து வெயிலில் வீசினாள். அதுவரை வராத வெயில் அன்றைக்குத்தான் வந்திருந்தது. வெயில் தாங்காமல் பூஞ்சணம் இருட்டுக்குள் ஓடியது. சிலம்பாயி மகளை மடியில் போட்டு உலுக்கினாள். அவள் கண் திறக்கவில்லை.

இடுக்கிலிருந்து பூஞ்சணம் கேட்டது: "தாயி, காவலை விட்டுறவா?"

சிலம்பாயி பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் யாருக்குமே பதில் சொல்லவில்லை.

அன்று முதல்தான், மூடி வைத்து மறந்த சோறு எங்கே இருந்தாலும் பூஞ்சணம் ஈரத்தோடும் இருட்டோடும் வந்து வெள்ளையாய்ப் படர்கிறது, பச்சையாகிறது, பிறகு கறுக்கிறது. போதும், விட்டுவிடு என்று அதனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.