ஃபீலிக்ஸின் வரி

யுத்த காலம். யூதர்களைக் கைதிகளாக அடைத்துவைத்திருந்த ஒரு கோட்டை நகரத்தில், பழைய கட்டிடம் ஒன்றின் பரணில், ஹெட்விகா சேர்ந்திசைக் குழு நடத்திவந்தார். பாடியவர்கள் எல்லோரும் அவரைப் போலவே கைதிகள். கிழக்கே போகும் ரயில் வரும்போதெல்லாம் குழுவில் சிலர் குறைவார்கள். போனவர்களிடமிருந்து தகவல் வராது. ஹெட்விகா புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு, பாட்டை முதலிலிருந்து தொடங்குவார்.

குழுவில் ஆர்னோஷ்ட் ஹெட்விகாவைவிட வயதில் மிகவும் மூத்தவர். முன்பு வக்கீல். முகாமுக்கு வந்த பிறகுதான் பாடக் கற்றுக்கொண்டார்.

முகாமைப் பார்வையிட வெளிநாட்டு விருந்தினர்கள் வரப்போவதாகவும், அவர்கள் முன் குழு பாட வேண்டும் என்றும் அதிகாரிகள் சொன்னார்கள். சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். ஜன்னல்களில் பூந்தொட்டிகள் வைத்தார்கள். நெரிசல் தெரியக்கூடாது என்று இன்னொரு ரயிலில் ஆட்களை ஏற்றினார்கள். குழுவில் ஒரு வரியைத் தனித்துப் பாடும் ஃபீலிக்ஸும் அதில் போனான்.

ஆர்னோஷ்ட்டால் உட்கார முடியவில்லை. பரணில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார்.

"நாம் பாடினால், இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று சொல்லிக்கொண்டு போவார்கள்."

"அப்படிச் சொன்னாலும் சொல்வார்கள்," என்றார் ஹெட்விகா.

"பாடாவிட்டால்?"

"அடுத்த ரயில்."

"அப்படியென்றால் நாம் யாருக்காகப் பாடுகிறோம்?"

ஹெட்விகா பாட்டுக்குச் சுருதி கொடுத்தார்.

"நான் வாயை மட்டும் அசைப்பேன். என் குரல் அவர்களுக்குக் கிடைக்காது."

"உங்கள் இஷ்டம்."

ஒரு பெண் கேட்டாள்: "ஃபீலிக்ஸின் வரியை நான் பாடட்டுமா?"

"வேண்டாம். அவன் நிற்கும் இடத்தையும் யாரும் அடைக்க வேண்டாம்," என்றார் ஹெட்விகா.

அந்த நாள் வந்தது. முன்வரிசையில் அதிகாரிகளும் விருந்தினர்களும் உட்கார்ந்தார்கள். பாட்டு தொடங்கியது. ஆர்னோஷ்ட் சொன்னபடியே வெறும் வாயை அசைத்துக்கொண்டு நின்றார்.

ஃபீலிக்ஸின் வரி வந்தது. ஹெட்விகா காலி இடத்தைப் பார்த்துக் கை நீட்டினார். யாரும் பாடவில்லை. நீட்டிய கையை அவர் இறக்கவில்லை. ஒரு விருந்தினர் இருமினார். ஓர் அதிகாரி நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். ஹெட்விகாவின் கை இறங்கவில்லை.

ஆர்னோஷ்ட் பாடினார்.

அவருடையது கனத்த கீழ்க்குரல். அந்த வரியோ மேல்ஸ்தாயி. குரல் உடைந்தது. உடைந்த குரலோடு வரியை முடித்தார். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

விருந்தினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்று சாயங்காலமே காரேறிப் போனார்கள்.

ஆர்னோஷ்ட் மறுபடியும் பரணில் நடந்துகொண்டிருந்தார்.

"கைதட்டினார்களே, பார்த்தீர்களா? அவர்களுக்கு ஒன்றுமே புரியவில்லை. என் குரலையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கையை ஏன் அப்படி நீட்டிக்கொண்டே நின்றீர்கள்?"

"ஃபீலிக்ஸின் இடத்தில் போய் நில்லுங்கள்," என்றார் ஹெட்விகா. "அந்த வரியை இன்னொரு முறை பாடுங்கள்."

"இப்போதா? கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?"

"கடைசிச் சுரத்தைக் கீழே விட்டுவிட்டீர்கள். ஃபீலிக்ஸ் விடமாட்டான்."