நண்டுத்தீவில் செல்லாத பொன்

இந்தக் கதையில் ஓர் எழுத்து பொய் என்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் இப்போதே விழட்டும். அத்தனையும் நடந்தது. எந்த வருஷம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஆலவனூர் அரசர் கீர்த்திவர்மருக்கு ஒரு கோடையில் உடம்பெல்லாம் வேர்க்குரு. "கடல் காற்று பட்டால் அடங்கும்" என்றார் வைத்தியர். உடனே நண்டுத்தீவுக்குக் கப்பல் கிளம்பியது. கூடவே பொக்கிஷக்காரர் மாசிலாமணியார், கொஞ்சம் வீரர்கள், அரசவையில் விகடம் பேசும் சுருளியப்பன்.

துறையில் இறங்கியதுமே காசு மாற்றும் கிழவர் ஒருவர் எதிரே வந்தார்.

"ஐயா, இங்கே சோழிதான் காசு. ஒரு பொன் கொடுங்கள், பத்துச் சரம் தருகிறேன். இப்போதே மாற்றிக்கொண்டால் நல்லது. நான் அக்கரைக்குப் போனால் வர நாலு நாளாகும்."

"மாற்றிவிடலாமே" என்றான் சுருளியப்பன்.

மாசிலாமணியார் அவனை முழங்கையால் ஒதுக்கினார். கண்ணுக்கெட்டிய தூரம் மணலில் சோழி சிதறிக் கிடந்தது. அரசர் காதில் கிசுகிசுத்தார்.

"மகாராஜா, இந்த ஊர்க்காரர்கள் காசைக் காலால் மிதித்துக்கொண்டு திரிகிறார்கள். நாம் எதற்குப் பொன்னை இறைக்க வேண்டும்? அள்ளச் சொல்லுங்கள்."

அரசருக்கு வாயெல்லாம் பல். வீரர்கள் குனிந்தவர்கள்தான், உச்சிவெயில் வரை நிமிரவில்லை. கரை துடைத்துவைத்த தட்டு மாதிரி ஆகிவிட்டது. மூட்டை மூட்டையாகச் சோழி. காசு மாற்றுகிறவரோ படகேறிப் போய்விட்டார்.

பசி வந்தது. பவளாச்சி என்பவளின் சோற்றுக்கடைக்குள் புகுந்தார்கள். தேங்காய்ச் சோறு, நண்டுக் குழம்பு, வஞ்சிரம் வறுவல். அரசர் விரலைக்கூட விட்டுவைக்கவில்லை.

"ஆறு சரம்" என்றாள் பவளாச்சி.

மாசிலாமணியார் ஒரு மூட்டையை அலட்சியமாகத் தள்ளினார். அவள் ஒரு சோழியை எடுத்துப் பார்த்துவிட்டுக் கோழிமேல் எறிந்தாள்.

"இது எங்கள் கரைச் சோழி. கரையில் கிடப்பதெல்லாம் காசானால் எவன் கடலுக்குப் போவான்? எங்கள் காசு தூரக்கடல் வெள்ளைச் சோழி. துளைபோட்டுச் சரமாகக் கோத்து வரும்."

சுருளியப்பன் ஒரு பொற்காசை நீட்டினான். அதில் பொறித்திருந்த முகத்தை அவள் உற்றுப் பார்த்தாள்.

"யார் இந்த மீசைக்காரர்?"

"உங்கள் எதிரில் ஏப்பம் விடுகிறாரே, அவர்தான்."

அவள் காசையும் அரசரையும் மாறிமாறிப் பார்த்தாள். "காசில் மெலிந்திருக்கிறார். இதைக் கொடுத்தால் எனக்கு இங்கே உப்புக்கூடக் கிடைக்காது. தின்றுவிட்டுக் காசில்லை என்றால் தலைக்கு நூறு தேங்காய் துருவ வேண்டும். அது தீவு வழக்கம்." துருவும் பலகையை அரசர் பக்கம் நகர்த்தினாள். "ராசாவுக்கு ஐம்பது போதும், மரியாதைக்கு."

அரசர் முகம் நண்டாகச் சிவந்தது. "சுருளி, நான் அந்தப் பலகையில் உட்கார்ந்தால், அரண்மனைத் தேங்காய் முழுவதையும் ஆயுசுக்கும் நீதான் துருவுவாய்."

"காலையிலேயே மாற்றியிருக்கலாம் என்று நான்கூட நினைத்தேன்" என்றார் மாசிலாமணியார்.

சுருளியப்பன் வெளியே பார்த்தான். வலை இழுக்க வந்த மீனவர்கள் வெறும் மணலைப் பார்த்து வாய்பிளந்து நின்றார்கள். அவன் திரும்பினான்.

"ஆச்சி, தின்றதற்குக் கொடுக்காமல் போகக்கூடாது, நியாயம். வேலை செய்ததற்குக் கொடுக்காமல் இருக்கலாமா?"

"அதெப்படி? இரண்டுக்கும் ஒரே வழக்கம்தான்."

"அப்படியானால் ஊர்த்தலைவரைக் கொஞ்சம் கூப்பிடுங்கள்."

தலைவர் நொண்டிக்கொண்டே வந்தார்.

"காலில் என்னங்க?" என்றான் சுருளியப்பன்.

"எல்லாம் அந்தச் சோழிதான். காலைக் கிழிக்கிறது, வலையைக் கிழிக்கிறது."

"இனிக் கிழிக்காது. இந்தத் துறைக்கரை முழுவதையும் எங்கள் ஆட்கள் பொறுக்கி எடுத்துவிட்டார்கள். கூலி இருபது சரம்."

"நாங்கள் பொறுக்கச் சொல்லவில்லையே, தம்பி."

"உண்மைதான். சொல்லாத வேலைக்குக் கூலி கேட்பது தப்பு. எடுத்ததை எடுத்த இடத்திலேயே போட்டுவிடுகிறோம். வீரர்களே, மூட்டையை அவிழுங்கள்."

மீனவர்கள் மூட்டைகள்மேல் விழுந்து அணைத்துக்கொண்டார்கள். தலைவர் தன் உள்ளங்காலை ஒருமுறை பார்த்தார். மடியை அவிழ்த்தார்.

இருபது சரம் வந்தது. ஆறு ஆச்சிக்குப் போயிற்று. மிச்சம் தங்குவதற்கு.

"மகாராஜா, அள்ளச் சொன்ன யோசனை என்னுடையது" என்று நெஞ்சை நிமிர்த்தினார் மாசிலாமணியார்.

"மறப்பேனா? மேற்குக் கரை இன்னும் பாக்கி இருக்கிறது. நாளைக்கு நீரே அள்ளும், தனியாக."

சொல்லிவிட்டு அரசர் இடுப்புப் பையை அவிழ்த்து, அத்தனை பொன்னையும் சுருளியப்பன் கையில் வைத்தார். அவன் பணிவாகத் திருப்பிக் கொடுத்தான்.

"மகாராஜா, இதை ஊரில் கொடுத்தால் பரிசு. இங்கே கொடுத்தால் சுமைகூலி இல்லாத சுமை. இப்போதே பரிசு தர மனமிருந்தால், இன்னும் இரண்டு துண்டு வஞ்சிரம் சொல்லுங்கள்."

அரசர் சிரித்த சிரிப்பில் அடுப்படிப் பூனை கூரையேறிவிட்டதாம்.

கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். மாசிலாமணியார் வம்சத்தார்தான் எனக்கு மாதக்கடைசியில் கைமாற்று கொடுக்கிறவர்கள்.