லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு பணிவான மெயில்

கோவையில் ஒரு பம்புசெட் கம்பெனி. அதன் மேனேஜர் தண்டபாணிக்குப் பணிவு என்றால் உயிர், அதாவது மற்றவர்களுடைய பணிவு. ஆபீஸில் யார் எதைக் கேட்டாலும் மெயிலில்தான் கேட்க வேண்டும், அதையும் ஏஐயில் போட்டுப் பதமாக்கிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார்.

"லிஃப்ட் நடுவழியில் நின்று, பிள்ளைத்தாச்சி ஒருத்தி அரைமணி நேரம் மாட்டிக்கொண்டாள். உடனே சரிசெய்யுங்கள்" என்று கிளார்க் மயிலாத்தாள் எழுதினாள்.

"உடனேயா? எனக்கே கட்டளையா?" என்று திருப்பி அனுப்பினார். ஏஐயில் போட்டு அனுப்பினாள். பணிவு போதாது என்றார். மூன்றாம் முறை, "தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது லிஃப்டைக் கவனித்தால் மகிழ்வோம்" என்று போனது. ஆஹா, இதுதான் மெயில் என்று பாராட்டினார். நேரம்தான் அவருக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் அதே லிஃப்டில் அவரே மாட்டிக்கொண்டார். போனில் மயிலாத்தாளைப் பிடித்தார். "ஏம்மா, கதவை உடனே திறக்கச் சொல்லு!"

"ஆள் சாவியோட ரெடியா நிக்கறாருங்க சார். ஆனா எதுன்னாலும் மெயில்ல கேக்கணும்னு உங்க உத்தரவுங்களே. பேச்சும் கொஞ்சம் காரமா இருக்குதுங்க. ஏஐயில போட்டு அனுப்பிடுங்க."

வேர்த்து வழிய டைப் அடித்தார். ஏஐ அதைப் பதமாக்கிக் கொடுத்தது. "தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது கதவைத் திறந்தால் மகிழ்வேன்" என்று மெயில் வந்தது.

மயிலாத்தாள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் எழுதினாள்:

"தங்கள் பணிவான மெயில் கிடைத்தது. சாப்பிட்டுவிட்டு வருகிறோம்."