நாலு பேர் திறக்கும் போன்

கொட்டாரப்பட்டி பேண்டு செட்டில் வாசிப்பவர்கள் நாலு பேர். அந்த நாலு பேருக்கும் புத்தி சொல்ல ஒரு பெண். அவளிடம் புத்தி இருந்ததா என்று மட்டும் கேட்கக் கூடாது; பட்டம் இருந்தது.

பெயர் ஜெசிந்தா. பி.எஸ்சி. இயற்பியல். கிளாரினெட் வாசிக்கும் மாஸ்டர் சவரிமுத்துவின் மகள். ஆட்கள் கூடிய இடத்தில் அவளுக்குக் குரல் எழும்பாது. எல்லாருக்கும் மனசுக்குள்ளேயே பதில் சொல்லிவிடுவாள். அந்தப் பதில்கள் சரியா தவறா என்று பார்க்க யாருக்கும் வாய்ப்பு கிடைக்காததால், தான் புத்திசாலி என்றே நம்பிவந்தாள்.

செட்டுக்கென்று புது போன் வாங்கிய வாரம், ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் இணைப்பில் ‘கைப்பேசியைக் கையாளும் முறைகள்’ என்று ஒரு பக்கம் வந்திருந்தது. ஜெசிந்தா அதை வாசித்துக் காட்டினாள். நாலு பேரும் சம்மணம் போட்டுக் கேட்டார்கள்.

“போனை வெயில் படும்படி வைக்காதீர்கள்.”

அன்றிலிருந்து போன் தெருவில் இறங்கினால், ஜால்ரா தட்டும் குருசு குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். குடை போனுக்கு மட்டும்.

“சார்ஜ் ஏறும்போது பயன்படுத்தாதீர்கள்.”

சார்ஜில் போட்டுவிட்டு நாலு பேரும் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். உள்ளே மணி அடித்தது.

“யாரோ கூப்பிடுறாங்க மாஸ்டர்” என்றார் டிரம்பெட் மிக்கேல். மாஸ்டருக்குத் தம்பி முறை. ஆனாலும் மாஸ்டர் என்றுதான் அழைப்பார்.

“சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற மனுஷனையே எழுப்பக் கூடாது. அது வயித்துக்கு இப்பதான் ஏறுது. அடிக்கட்டும் விடு.”

“தூங்கும்போது போனைத் தள்ளி வையுங்கள்.”

எவ்வளவு தள்ளி என்று பேப்பரில் போடவில்லை. அளவு சொல்லாத இடத்தில் தாராளமாக இருப்பதே மரியாதை என்று முடிவாகி, அடுத்த தெருவில் இருக்கும் குருசு வீட்டில் போனை வைத்தார்கள். குருசும் தூங்க வேண்டுமே? அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

இதெல்லாம் அதிகப்படி என்று ஜெசிந்தாவுக்குப் பட்டது. மனசுக்குள் சொல்லிக்கொண்டு, அடுத்த குறிப்பைப் படித்தாள்.

“ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள், குடும்பத்தாரிடம்கூட.”

மாஸ்டர் தாடையைத் தடவினார். “இது செட்டு போன். எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்து, நாளைக்கே நான் போய்ச் சேர்ந்துட்டா?”

“நாலு பேருக்கும் தெரிஞ்சா அது ரகசியமா?” என்றார் மிக்கேல்.

“அப்ப யாருக்குமே தெரியாம ஒரு எண்ணைப் போட்டுருவோம்” என்றார் குருசு. நல்ல யோசனையாகத்தான் இருந்தது. எப்படிப் போடுவது என்றுதான் தெரியவில்லை.

கடைசியில் டிரம் தங்கமாயன் தொண்டையைச் செருமினார். “நாம பாட்டு வாசிக்கிறது எப்படி? உங்க ஊதல் எனக்குத் தெரியாது. என் அடி உங்களுக்குத் தெரியாது. சேர்ந்தா பாட்டு வந்துருதில்ல? அந்த மாதிரி ஆளுக்கு ஒரு எண் வச்சுக்குவோம். அவங்கவங்க எண் அவங்கவங்களோட.”

ஜெசிந்தா தான் படித்த இயற்பியல் முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். இதற்கு எதிராக எந்த விதியும் இல்லை. தலையாட்டினாள்.

பிறகு போனைத் திறப்பது ஒரு கச்சேரி ஆனது. வாசிக்கும் வரிசையில் நிற்பார்கள். மாஸ்டர் “ஒன், டூ” என்பார். ஒருவர் அழுத்தும்போது மற்ற மூவரும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார்கள். மணி பார்க்கத் திறந்தால், திறந்து முடிப்பதற்குள் அந்த மணி போயிருக்கும்.

அந்த வருஷம் செட்டுக்கு வேலையே அமையவில்லை. மாஸ்டரின் கிளாரினெட்டை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்து, ஊதிக்கூடப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். சந்தனமாதாபுரம் மாதா கோயில் திருவிழா கிடைத்தால் கிளாரினெட் வீட்டில் இருக்கும், கிடைக்காவிட்டால் போய்விடும். அப்பா அதை யாரிடமும் சொல்லவில்லை. பெட்டியைத் தினமும் துடைக்க ஆரம்பித்ததை வைத்து ஜெசிந்தா தெரிந்துகொண்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, சந்தனமாதாபுரம் விழாக்குழுச் செயலர் இஞ்ஞாசி போனில் கூப்பிட்டார். கூப்பிட்டால் எடுத்துப் பேச மட்டும் ரகசிய எண் தேவைப்படாது. அது ஒரு புண்ணியம்.

“மாஸ்டர், நீங்க வாசிக்கிற வீடியோவை மத்தியானத்துக்குள்ள அனுப்புங்க. புதுத்தெரு செட்டு அனுப்பிட்டாங்க. பங்குச் சாமியார் பார்த்துட்டு இன்னிக்கே முடிவு பண்ணிருவார்.”

வீடியோ தயாராக இருந்தது. போன வாரம் ஜெசிந்தாவே எடுத்தது. போனுக்குள் இருந்தது.

வரிசையாக நின்றார்கள். மாஸ்டர் அழுத்தினார். மிக்கேல் அழுத்தினார். மூன்றாவது தங்கமாயன். அவரைக் காணவில்லை. தங்கை மகனுக்குக் காதுகுத்து என்று முதல் நாளே ஓடைப்பட்டிக்குப் போயிருந்தார்.

“அவர் அடியை விட்டுட்டு மேல போவோம்” என்று குருசு தன் எண்ணை அழுத்தினார். போன் திறக்கவில்லை.

“டிரம் இல்லாம எது கிளம்பும்?” என்றார் மிக்கேல்.

ஜெசிந்தா மெல்ல வாயைத் திறந்தாள். “பூஜ்யத்திலேர்ந்து ஒன்பது வரைக்கும் ஒவ்வொண்ணா அழுத்திப் பார்க்கலாமேப்பா.”

“அடுத்தவன் ரகசியத்தைத் துழாவுறதா? படிச்ச புள்ள பேசுற பேச்சா இது?”

“சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லணும்” என்றார் மிக்கேல். “சொன்னா அந்தச் சாமியாருக்கே தெரிஞ்சுரும்.”

ஜெசிந்தாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தன்னுடைய சொந்த போனை எடுத்து தங்கமாயனைக் கூப்பிட்டு அப்பாவிடம் கொடுத்தாள். அந்தப் போனிலும் கேமரா உண்டு. புதிதாக ஒரு வீடியோ எடுத்து அனுப்பியிருக்கலாம். அது அவளுக்குத் தோன்றவில்லை. பட்டம் வாங்கியவளுக்கே தோன்றாதபோது மற்றவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

“தங்கமாயா, உன் எண் என்னப்பா?”

அந்தப் பக்கம் தங்கமாயன் உஷாரானார். “யாருடா நீ? போன்ல எண் கேக்குறவன் திருடன்னு எல்லாருந்தான் சொல்றாங்க. எங்க மாஸ்டர் குரல்லயே பேசுறியா?”

“நான்தாண்டா சவரிமுத்து!”

“அப்படின்னா கிளாரினெட்ட ஊது பாப்போம்.”

மாஸ்டர் ஊதினார்.

“மாஸ்டரேதான்” என்றார் தங்கமாயன் உருக்கமாக. “வழக்கமா தப்புற இடத்துல தப்பிட்டீங்க. ஆனாலும் சொல்ல மாட்டேன் மாஸ்டர். யார்கிட்டயும்னு போட்டிருக்கு. நேர்ல வாங்க, அழுத்தித் தர்றேன்.”

அடுத்த பஸ்ஸில் நாலு பேரும் ஓடைப்பட்டிக்கு ஏறினார்கள்: கிளாரினெட் பெட்டியோடு மாஸ்டர், மிக்கேல், ஜெசிந்தா, போனுக்குக் குடை பிடித்தபடி குருசு. பஸ்ஸுக்குள் எதற்குக் குடை என்று கண்டக்டர் கேட்டார். ஜன்னல் பக்கம் வெயில் அடிக்கிறதே என்றார் குருசு.

மண்டபத்தில் தங்கமாயன் தாய்மாமன் முறைக்கு மனையில் உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை. பக்கத்தில் ஆசாரி கம்பியை நீட்டிவிட்டார்.

“ஆசாரி, நிறுத்துங்க!” என்று கத்தினார் மாஸ்டர். “எல்லாரும் கொஞ்சம் திரும்பிக்குங்க!”

ஏன் என்று தெரியாமலே பந்தி வரைக்கும் எல்லாரும் திரும்பினார்கள். மாஸ்டர், மிக்கேல், அப்புறம் தங்கமாயன். அழுத்திய கையோடு அவர் முகம் வெளிறியது.

“மாஸ்டர், புள்ள பாத்துட்டான்.”

ஆசாரி கம்பியோடு காத்திருக்க, மூன்று பேரும் அவரைச் சுற்றிக் குந்தி ஆலோசித்தார்கள்.

“குடும்பத்தாரிடம்கூடன்னு போட்டிருக்கே” என்றார் மிக்கேல்.

“அவனுக்கு இன்னும் பேச்சு வரலையே” என்றார் தங்கமாயன்.

“வந்துட்டா?”

“வந்த அன்னிக்கு மாத்திக்குவோம்” என்று தீர்ப்புச் சொன்னார் மாஸ்டர்.

குருசு தன் எண்ணை அழுத்தினார். போன் திறந்தது. ஜெசிந்தா வீடியோவை அனுப்பினாள். இலை போடும் நேரத்தில் இஞ்ஞாசி கூப்பிட்டார்.

“மாஸ்டர், என்ன இது? நாலு பேரும் கன்னத்தை உப்புறீங்க, கையை ஆட்டுறீங்க. சத்தமே வரலையே!”

எல்லாரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். அவளுக்குக் காது சிவந்தது. வீடியோ எடுத்த அன்று, ‘படம்பிடிக்கும் இடத்தில் எந்தச் சத்தமும் இருக்கக் கூடாது’ என்ற குறிப்பைப் படித்துக் காட்டியவள் அவள்தான். நாலு பேரும் மூச்சைக்கூட அடக்கி, சத்தம் போடாமல் முழுப் பாட்டையும் வாசித்தார்கள். ஜால்ராக்கள் ஒன்றையொன்று தொடவில்லை. எடுத்து முடித்ததும், ‘ரொம்பத் தெளிவா வந்திருக்குப்பா’ என்று சொன்னவளும் அவளேதான்.

மாஸ்டர் கிளாரினெட் பெட்டியை எடுத்து மடியில் வைத்து, மூடியைத் துண்டால் துடைத்தார். ஜெசிந்தாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

“இருங்க, சாமியார் பேசணுங்கிறார்” என்றார் இஞ்ஞாசி.

வயசான குரல் ஒன்று வந்தது. “மாஸ்டரா? இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து திருவிழான்னாலே ஒவ்வொரு வருஷமும் காதுல பஞ்சை வச்சுக்கிட்டு மண்டையிடியோட படுக்கிறேன். உங்க செட்டு மாதிரி நான் பார்த்ததே இல்ல. திருவிழா முழுக்க இப்படியே வாசிப்பீங்களா?”

மாஸ்டர் எழுந்து நின்றார். “இதைவிட நல்லாவே வாசிப்போம் சாமி!”

மறுநாளே ஒத்திகை தொடங்கியது. நாலு பேரும் வியர்க்க விறுவிறுக்க வாசித்தார்கள். வீட்டில் பல்லி கத்துவது கேட்டது. ஜெசிந்தா சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக் கவனமாகக் கேட்டாள்.

பாதியில் மாஸ்டர் கையை உயர்த்தினார். “குருசு, ரெண்டாவது வரியில முந்திட்ட.”

“நானா? தங்கமாயன்தான் பிந்திட்டார் மாஸ்டர்!”

“நான் தாளத்தோடதான் அடிச்சேன். வேணும்னா ஜெசிந்தாவைக் கேளுங்க.”

“நீ சொல்லும்மா” என்றார் மாஸ்டர். “யார் தப்பு?”

ஜெசிந்தா கண்ணைத் திறந்தாள்.

“தாளம் சரியாத்தான் இருந்துச்சுப்பா. மிக்கேல் சித்தப்பாதான் சுருதியில கொஞ்சம் கம்மியா ஊதுறார்.”