பெருங்கடைச் சக்கரமும் பட்டறைச் சக்கரமும்

கூவிள நாட்டைக் கீர்த்திவளவர் என்னும் மன்னர் ஆண்டுகொண்டிருந்தார். வீரத்தில் குறையில்லாதவர்; கொடையிலும் அவ்வாறே. அவரிடமிருந்த பலவீனம் ஒன்றே ஒன்று. பெரிதாக இருப்பது எதுவாயினும் அது நல்லதாகவும் இருக்கும் என்று நம்பிவிடுவார்.

இதனை நன்கறிந்தவர் தனபாலர் என்னும் வணிகர். அவர் தலைநகரின் வடக்கு வாயிலில் ஒரு பெருங்கடை கட்டியிருந்தார். ஊறுகாய் முதல் ஊஞ்சற்பலகை வரை அங்கே கிடைக்கும். அவற்றின் நடுவே வண்டிச் சக்கரங்களும் மலைபோல் குவிந்திருக்கும். விலையோ, பட்டறைத் தெரு ஆசாரிமார் கேட்பதில் பாதி. மூன்று வாங்கினால் நான்காவது இனாம். மாட்டுவண்டிக்குச் சக்கரம் இரண்டே என்பதை மறந்து, இனாமுக்கு ஆசைப்பட்டு நான்கையும் வாங்கிய ஒருவர், மிஞ்சிய இரண்டுக்குப் பொருத்தமாக இன்னொரு வண்டி தேடி அலைந்தார் என்றால், அக்கடையின் பெருமையை வேறு எவ்வாறு விளக்குவது? வாங்கிய சக்கரத்தைப் பூட்டித் தர ஆள் உண்டா என்று கேட்டால், "நான் ஊறுகாய்ப் பகுதி, ஐயா" என்று ஒருவன் கிழக்கே கை காட்டுவான். கிழக்கே நிற்பவன் மேற்கே கை காட்டுவான்.

ஒருநாள் தனபாலர் அரசவைக்கு வந்து வணங்கினார்.

"மன்னவா, இத்துணைப் பெரிய கடை இருக்கும்போது, புகையும் கரியுமாக அந்தப் பட்டறைத் தெரு தலைநகருக்கு அழகா? அதை மூடிவிட்டு, இனி எல்லா வண்டிகளும் எம் கடைச் சக்கரத்திலேயே ஓட வேண்டும் என்று ஆணையிடுங்கள். எம் சக்கரத்துக்கு உறுதிமொழி உண்டு. உடைந்தால் வண்டியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்தால் போதும். புதுச் சக்கரம் இனாம்."

மன்னருக்கு ஆசாரிமார் மீது முன்பே ஒரு மனத்தாங்கல் இருந்தது.

"அந்த உலகளந்தான் ஆசாரியிடம் அரண்மனை வண்டியை அனுப்பினோம். சக்கரத்தைப் பார்த்ததுமே, இதற்குமுன் இதைத் தொட்ட பாவி யார் என்று கேட்டானாம். நீதான் என்றதும், மைத்துனன்மேல் பழியைப் போட்டானாம். வேலை முடிய ஒரு வாரம். வரும் வெள்ளிக்கிழமை பறையறைவித்துவிடுவோம்."

செய்தி பட்டறைத் தெருவுக்கு எட்டியது. உலகளந்தான் ஆசாரி, அரசவையின் மதியூகியான பொன்னம்பல நம்பியின் வீட்டுக்கு ஓடிவந்தான்.

"சாமி, வெள்ளிக்கிழமையோட உலையில தண்ணிய ஊத்தணுமாம். எங்க தெருவே பிச்சைக்குத்தான் போகணும்."

"மைத்துனன்மேல் பழி போட்டது உண்மையா?"

"உண்மைதாங்க. அவன் வேலையும் அப்படித்தாங்க இருக்கும்."

நம்பி புன்னகைத்தார். இந்நாட்களில் பட்டறைக்கு யார் யாருடைய வண்டிகள் வருகின்றன என்று மட்டும் கேட்டறிந்துகொண்டு, அவனை அனுப்பிவைத்தார்.

மறுநாள் அவையில் நம்பி எழுந்ததுமே மன்னர் கையமர்த்தினார்.

"நம்பி, நீர் யாருக்காகப் பேசப் போகிறீர் என்பது தெரியும். பட்டறை வேண்டும் என்று தனபாலரே தம் வாயால் சொல்லட்டும். ஆணை ஓலையை முறித்துவிடுகிறேன். சொல்லாவிட்டால், நீரே போய் உலைகளை அணைத்துவிட்டு வர வேண்டும்."

அவை நகைத்தது. எல்லாரினும் உரக்க நகைத்தவர் தனபாலர்.

"மறுத்துப் பேச நான் எழவில்லை, மன்னவா," என்றார் நம்பி. "ஆணை மிக நன்று. ஒரு வரி மட்டும் சேர்க்கலாம். இச்சிறப்பை முதலில் பெறத் தக்கவர் வணிகரே. கடைக்குச் சரக்கேற்றி வரும் அவருடைய வண்டிகள், இன்றே பழைய சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அவர் கடைச் சக்கரங்களைப் பூட்டிக்கொள்ளட்டும். மற்றவர்களுக்கு வெள்ளிக்கிழமை போதும்."

"தக்க மரியாதை," என்றார் மன்னர்.

தனபாலரின் நகைப்பு பாதியில் நின்றது.

"அடியேனுக்கு எதற்கு மன்னவா இதெல்லாம்?"

"அடக்கம் வேண்டாம், வணிகரே."

"இல்லை, என்னுடையவை பாரவண்டிகள்."

"உம் சக்கரம் பாரம் தாங்காதோ?"

"தாங்கும், தாங்கும். ஆனால் கணவாய் வழியாக வர வேண்டும். கல்லும் பள்ளமுமான பாதை."

"உடைந்தால்தான் என்ன?" என்று நம்பி குறுக்கிட்டார். "உறுதிமொழி இருக்கிறதே. வண்டியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்தால் போதுமே."

தனபாலர் பொறுமையிழந்தார்.

"என்ன ஐயா பேசுகிறீர்? கணவாயில் சக்கரம் உடைந்து, உப்பு மூட்டைகளோடு குடைசாய்ந்து கிடக்கிற வண்டியை எவன் கடை வாசலுக்கு இழுத்து வருவான்? அந்த ஆசாரி என்றால், துருத்தியையும் சுத்தியலையும் தூக்கிக்கொண்டு வண்டி கிடக்கும் இடத்துக்கே வருவான். வருகிற வழியெல்லாம் மைத்துனனைத் திட்டுவான். இருந்தாலும் வண்டியை நகர்த்திவிட்டுத்தான் போவான். அவன் பட்டறை இல்லாவிட்டால் என் கடைக்குச் சரக்கு எப்படி வந்து சேரும்?"

சொல்லி முடித்த பின்னரே, தாம் சொன்னது அவர் காதில் விழுந்தது.

மன்னர் எழுத்தரிடமிருந்து ஆணை ஓலையை வாங்கி இரண்டாக முறித்தார். "பட்டறைத் தெரு இருக்கும். உம் கடையும் இருக்கட்டும், வணிகரே. ஊறுகாய் நன்றாகத்தான் இருக்கிறது. ஆயினும் அவைக்கு வந்தவரை மரியாதை செய்யாமல் அனுப்புவது முறையன்று. என்ன செய்யலாம், நம்பி?"

"அரண்மனைத் தேரிலேயே வீட்டுக்கு அனுப்பலாம், மன்னவா. ஆள் விட்டு அவர் கடையிலிருந்தே புதுச் சக்கரங்களைத் தருவித்துப் பூட்டிவிடுவோம். கோட்டை மேட்டு இறக்கத்தில் தேர் நன்றாக ஓடும்."

தனபாலர் மேலாடையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"மன்னிக்க வேண்டும், மன்னவா. வைத்தியர் என்னை நடக்கச் சொல்லியிருக்கிறார்."

மன்னர் சிரித்து ஓய்ந்து, தம் கணையாழியைக் கழற்றி நம்பியின் கையில் வைத்தபோது, வணிகர் பாதி இறக்கம் இறங்கியிருந்தார்.