வருவார்

தவமணியம்மாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது வண்ணாரப்பேட்டை பஸ் நிறுத்தத்தில். பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "அண்ணாச்சி, அந்தச் சிவப்புப் பேனா இன்னும் இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். நான் பதில் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

அவர் ஒரு சிறு மாத இதழ் நடத்தி வந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். மனைவி இறந்த பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல், இதழுக்கு வருகிற எழுத்துகளைத் திருத்தக் கற்றுக்கொள்ள அவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

ஒரு நாள் வடிவு என்ற பீடி சுற்றும் பெண் வந்து நின்றார். கையில் நாலு தாள். இறந்துபோன கணவரைப் பற்றி அவர் முதன்முதலாக எழுதியது. நான் திருத்தித் திருப்பி அனுப்பியிருந்தேன். தாளெல்லாம் சிவப்பு.

"எனக்கு எழுத வராதும்மா. இதை அடுப்புல போடப் போறேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"போடுங்க. ஒரு தடவை வாசிச்சுட்டுப் போடுங்க" என்றார் தவமணியம்மா.

வடிவு வாசித்தார். "ஆறு மணிக்கு வந்தார். சைக்கிளைச் சுவரில் சாத்தினார். 'வடிவு, தண்ணி' என்றார்..."

நிறுத்திவிட்டார்.

"இது வேற யாரோ. எங்க வீட்டுக்காரர் இல்ல."

"நீங்க எப்படி எழுதியிருந்தீங்க?"

"வருவார். சாத்துவார். 'வடிவு, தண்ணி'ம்பார்."

"இறந்தவரைப் போய் 'வருவார்'னு எழுதினா வாசிக்கிறவங்க குழம்ப மாட்டாங்களா?" என்றேன் நான்.

தவமணியம்மா என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, உங்க வீட்டம்மா காப்பி எப்படிப் போடுவாங்க?"

"கருப்பட்டி தூக்கலா போடுவா. ஏன்னு கேட்டா, 'முதல்ல குடிச்சுப் பாரும்'பா..."

'போடுவா' என்று நானே சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது. அவள் போய் அப்போது மூன்று வருடம்.

தவமணியம்மா வெள்ளைத் தாள்களை எடுத்து என் முன்னால் வைத்தார். "அவங்க எழுதின மாதிரியே பிரதி எடுங்க."

எடுத்தேன். ஒவ்வொரு 'வருவாரை'யும் என் கையால் எழுதினேன். முடிந்ததும் தவமணியம்மா அதை வாங்கிப் படித்து, ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதினார்: 'தண்ணீர் கொடுத்தீர்களா?'

வடிவு அதை வாசித்தார்.

"எப்பவும் கொடுப்பேம்மா. கடைசி நாள் மட்டும் பீடி இலை வெட்டிக்கிட்டு இருந்தேன். 'ஏன், கை இல்லையா? எடுத்துக் குடியும்'னுட்டேன். அவராத்தான் எடுத்துக் குடிச்சாரு." தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அதை எழுதலாமா?" என்றார்.

"அது உங்க இஷ்டம். எனக்குத் தெரிஞ்சுக்கணும் போல இருந்துச்சு, கேட்டேன்."

"அந்த நாளுக்கும் 'வருவார்'தானா?" என்று கேட்டேன் நான்.

"இல்ல அண்ணாச்சி. அன்னைக்கு வந்தார். அது ஒரு நாள்தானே" என்றார் தவமணியம்மா.

வடிவு ஐந்தாவது தாளும் எழுதிக் கொடுத்தார்.

இதழ் எப்போதோ நின்றுவிட்டது. அந்த மாதத்துப் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. நாலு பக்கம் 'வருவார்'. கடைசிப் பக்கம் 'வந்தார்'.