கொம்பு ஊதி உடைத்த ஏரி

கோணக்கரை ஆட்களுக்கு மண்டைக்குள் களிமண் என்று சொன்னால் களிமண்ணுக்குக் கோபம் வரும். அதிலாவது பானை வனையலாம். அந்த ஊருக்கு ஏரிக்காவல் பேயாண்டி. கரைமேல் நின்று அவன் ஆட்டை வைததைக்கூட ஊரார் சேதி என்று எடுத்துக்கொண்டதால், ஊர்த்தலைவரான அம்பலம் ஒச்சப்பன் ஒரு சட்டம் போட்டார். கொம்பு ஊதினால் சேதி ஆரம்பம். மறுபடி ஊதினால் முடிவு. நடுவில் காதில் விழுவதெல்லாம் சேதி. முடியுமுன் எவனும் அசையக் கூடாது.

ஐப்பசி மழையில் கரை விரிசல் விட்டது. பேயாண்டி அதைப் பார்த்துவிட்டான். பள்ளத்தில் அவனுடைய சினை எருமை கட்டிக்கிடக்கிறது. பாவிக்கு இருந்த ஒரே சொத்து அது. கொம்பை ஊதினான். "ஏரி உடையுது! என் எருமையை அவுத்து விடுங்க!" என்று கத்தினான். முடிக்க ஊதுவதற்குள் கொம்பு கைவழுக்கித் தண்ணீரில் விழுந்துவிட்டது.

கீழே ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"ஓடலாமா அம்பலத்தாரே?" என்றான் வெள்ளையன்.

"சேதி முடியலையேப்பா. இன்னும் என்ன வருதுன்னு கேளு."

தவளை கத்தியது. அதையும் சேதியில் சேர்த்துக்கொண்டார்கள். அம்பலத்தின் பெண்டாட்டி, "கஞ்சி ஆறுது, வந்து தொலைங்க!" என்றாள். அதையும் சேர்த்தார்கள்.

"அந்தக் கஞ்சி எருமைக்கா, ஏரிக்கா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

இதற்கு ஒரு பஞ்சாயத்து! தூ, இதுகளும் சோறுதானே தின்னுதுகள்?

பேயாண்டி விழுந்தடித்து ஓடிவந்தான். "அட படுபாவிகளா, கரை போயிருச்சு!"

"இதுவும் சேதியிலதான் வருது. சேத்துக்குங்கப்பா," என்றார் அம்பலம்.

வெள்ளம் வந்தது. எல்லாரும் அலறிக்கொண்டு கூரைமேல் ஏறினார்கள். எருமையோ முளையைப் பிடுங்கிக்கொண்டு எப்போதோ மேட்டுக்குப் போய்விட்டது. அதைப் பார்த்துப் பேயாண்டி சந்தோஷத்தில் அழுதேவிட்டான்.

அம்பலம் கூரையிலிருந்து தீர்ப்புச் சொன்னார்: "இந்தச் சேதி கெட்டுப்போச்சு, செல்லாது. முதல்லேருந்து ஒழுங்கா அனுப்பு."

"அப்ப இந்தத் தண்ணி?" என்றான் பேயாண்டி.

"அதுவும் செல்லாது."

பேயாண்டி கோயில் கொம்பை எடுத்துக்கொண்டு நீந்தி மேடேறினான். பார்த்தால் ஏரி காலி. காலி ஏரியை உடையுது என்று பொய் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. அதற்கும் மேலே இன்னொரு ஏரி இருந்தது. மண்வெட்டியோடு போய் அதன் கரையை வெட்டினான். அப்புறம் கொம்பை ஊதி, சேதியை ஒரு சொல் குறையாமல் கத்தி, மறக்காமல் மறுபடி ஊதினான்.

"இப்பத்தான் சரி!" என்று அம்பலம் குதித்தார். "எருமையை அவுத்து விடுங்கடா!"

"அது கட்டியே இல்லையே அம்பலத்தாரே, எப்படி அவுக்கிறது?" என்றான் வெள்ளையன்.

ஊரே மேட்டைப் பார்த்தது. மேட்டிலிருந்து பேயாண்டியின் குரல்தான் தெம்பாக வந்தது.

"கவலைப்படாதீங்க அம்பலத்தாரே! கயிறு எங்கிட்ட இருக்கு. இந்தா, பள்ளத்துக்கு இழுத்துட்டு வந்து கட்டிர்றேன்!"